பினாங்கு, பிறையில் மசாலா ஆலை: 80 கிலோவாட் சோலார் போட்டால் பில் பூச்சியமாகிவிடுமா?

மசாலா ஆலை, பிறை

அனைவருக்கும் வணக்கம். அப்பா தொடங்கிய மசாலா ஆலையை இப்போது நான் நடத்தி வருகிறேன். மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்துப் பொட்டலம் போட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறோம். கட்டடம் சொந்தம், தகரக் கூரை. திங்கள் முதல் வெள்ளி வரை முழு நாள், சனி அரை நாள், ஞாயிறு விடுமுறை. சரக்கு வைக்கும் குளிர்கிடங்கு மட்டும் இரவு பகலாக ஓடும்.

மாதம் ஏறக்குறைய 9,000 யூனிட் ஆகிறது. பில் 5,000 ரிங்கிட்டை ஒட்டி வருகிறது. சோலார் நிறுவனத்திலிருந்து வந்தவர் கணக்குப் போட்டுக் காட்டினார். பினாங்கு வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு மாதம் 110 யூனிட்டுக்குக் குறையாமல் தருமாம். 80 கிலோவாட் போட்டால் 9,000 யூனிட் வந்துவிடும், பில் பூச்சியம் என்றார். விலை 256,000 ரிங்கிட். வங்கிக் கடனுக்கு அவரே ஏற்பாடு செய்கிறாராம். அப்பாவுக்குக் கடன் என்றாலே பிடிக்காது. கையெழுத்துப் போடும் முன் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பாயான் லெப்பாஸ் வாசி

தயங்காமல் போடுங்கள் தம்பி. என் வீட்டுக் கூரையில் சோலார் ஏறிய பிறகு பில் பெயருக்குத்தான் வருகிறது. பகலில் மிஞ்சுவது மின்சார நிறுவனமான தெனாகாவுக்குப் போகிறது, இரவில் அதே அளவு திரும்பி வருகிறது. 25 ஆண்டு உத்தரவாதம் உள்ள பொருள், இதைவிட நல்ல முதலீடு கிடைக்காது.

பட்டர்வொர்த் மின்வினைஞர்

மேலே எழுதிய அண்ணனின் வீடு பழைய திட்டத்தில் சேர்ந்தது. கொடுத்த யூனிட்டுக்கு ஈடாக ஒரு யூனிட் என்ற அந்த ஏற்பாட்டுக்கான சேர்க்கை, நெம் 3.0 (நிகர மீட்டர்) திட்டத்தோடு 2025 ஜூன் 30இல் முடிந்துவிட்டது. வணிகப் பிரிவுக்கு அதற்கும் முன்பே அந்தச் சலுகை இல்லை. 2026 ஜனவரி முதல் நடப்பது சோலார் அத்தாப் என்ற கூரைச் சோலார் திட்டம். இதில் ஆலைகளும் கடைகளும் வெளியே தள்ளும் மின்சாரத்துக்கு மின்சார மொத்த விற்பனைச் சந்தையின் சராசரி விலையே பில்லில் கழிவாகக் கிடைக்கும். நாம் தெனாகாவிடம் வாங்கும் விலைக்கு அது வெகு கீழே. அந்த மாதப் பில்லில் கழித்தது போக மிஞ்சினால் அடுத்த மாதத்துக்கும் வராது.

ஆகவே மாத மொத்தத்தை மாத மொத்தத்தோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. உங்கள் ஆலை எந்த மணிக்கு எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் கேள்வி.

தாழ்வழுத்தப் பொதுப் பிரிவில் இப்போது ஒரு யூனிட்டுக்கு ஆற்றல் 27.03 சென், கொள்ளளவு (மின்நிலையங்களுக்கான கட்டணம்) 8.83 சென், வலையமைப்பு (மின்கம்பிகளுக்கான கட்டணம்) 14.82 சென். ஆக மொத்தம் 50.68 சென். அதன் மேல் 1.6 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நிதி. எரிபொருள் சரிக்கட்டல் என்று ஒன்று மாதாமாதம் கூடும், குறையும். தகட்டிலிருந்து வரும் யூனிட்டை ஆலைக்குள்ளேயே செலவழித்தால் இந்த 50 சென்னும் உங்கள் பையில் தங்கும். வேலி தாண்டி வெளியே போய்விட்டால் அந்த விலை கிடைக்காது.

உங்கள் ஆலையை மேலோட்டமாகக் கணக்கிடுகிறேன். குளிர்கிடங்கு எந்நேரமும் 5 கிலோவாட் என்றால் மாதம் 3,600 யூனிட். மீதி 5,400 யூனிட்டும் வேலை நேரத்தில் செலவாகிறது. அப்படியானால் பகலில் ஆலை இழுப்பது சராசரி 33 கிலோவாட். நல்ல வெயிலில் 80 கிலோவாட் தகடு 60 வரை ஏறும். (80 ஒருபோதும் வராது. அந்த எண் 25 டிகிரியில் அளந்தது. நம் கூரையில் தகடு 60 டிகிரியைத் தொடும்; ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறையும்.)

முதல் 40 கிலோவாட் தரும் 4,500 யூனிட்டில் ஏறக்குறைய 3,400 ஆலைக்குள்ளேயே செலவாகும். அடுத்த 40 கிலோவாட் தரும் 4,500இல் உள்ளே செலவாவது 1,400தான். மீதி 3,100 யூனிட் மலிவு விலைக்கு வெளியே போகும். இரண்டாம் பாதிக்குக் கடன் வாங்குவது வீண் வேலை என்பது என் கருத்து.

கடந்த மூன்று மாதப் பில்லைப் பார்த்து, மின்திறன் காரணி (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) என்ன என்று சொல்லுங்கள்.

மசாலா ஆலை, பிறை

அண்ணா, மிக்க நன்றி. இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை. பில்லில் மின்திறன் காரணி 0.81 என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே கூடுதல் கட்டணம் என்று ஒரு வரி உண்டு. எல்லாருக்கும் வருவது என்று அப்பா சொல்வார்.

பட்டர்வொர்த் மின்வினைஞர்

எல்லாருக்கும் வருவதில்லை தம்பி, அது தண்டம். 0.85க்குக் கீழே ஒவ்வொரு 0.01 குறைவுக்கும் பில்லில் 1.5 விழுக்காடு. 0.75க்கும் கீழே போனால் ஒவ்வொன்றுக்கும் 3 விழுக்காடு. உங்களுடையது 0.81, அதாவது 6 விழுக்காடு. மாதாமாதம் 270 ரிங்கிட்டுக்கு மேல் ஒரு பயனும் இல்லாமல் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அரவை மோட்டார்கள் உள்ள இடத்தில் இது வழக்கமானது. மெயின் போர்டுக்குப் பக்கத்தில் இதைச் சரிக்கட்டும் கெப்பாசிட்டர் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். திறந்து பார்த்தால் உருளைகளில் சில உப்பிப்போய் இருக்கும், அல்லது ஃபியூஸ் போய்க் கிடக்கும். கையை உள்ளே விட்டுவிடாதீர்கள், அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். உரிமம் பெற்றவரை அழைத்துச் சரிசெய்யுங்கள்.

சோலார் விற்பவர்கள் வாயே திறக்காத சங்கதி ஒன்று இதில் இருக்கிறது. வழக்கமாகத் தகடு ஆலைக்குத் தருவது வேலை செய்யும் பயனுறு மின்சாரம் மட்டும். மோட்டார் கேட்கும் காந்த மின்சாரம் முழுவதும் தெனாகாவிலிருந்தே வரும். பகலில் தெனாகாவிடம் வாங்கும் யூனிட் பாதியாகக் குறையும், காந்தப் பகுதி அப்படியே நிற்கும். மீட்டர் கண்ணுக்கு உங்கள் மின்திறன் காரணி இன்னும் மோசமாகிவிடும். 0.81இல் நிற்கும் ஆலையில் அப்படியே சோலார் ஏற்றினால் 0.75க்குக் கீழே இறங்கி, சேமித்ததில் ஒரு பங்கைத் தண்டமாகக் கட்ட வேண்டி வரும். கெப்பாசிட்டரைச் சரிசெய்துவிட்டுத்தான் சோலாரைப் பற்றி யோசிக்க வேண்டும். சோலாருக்குப் பின் எவ்வளவு தேவைப்படும் என்று கணக்கிட்டு அதற்கேற்ற அளவில் போடச் சொல்லுங்கள்.

கணக்கர், கோலாலம்பூர்

சகோதரர் சொன்னதில் தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. ஆனால் வாடிக்கையாளர்களின் பில்களில் அந்தத் தண்ட வரியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அலுவலகத்தில் பில் கட்டுபவருக்கு அது என்னவென்று தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய முதலாளி பில்லைப் பார்ப்பதில்லை. பணம் போய்க்கொண்டே இருக்கிறது. வருத்தமாக இருக்கிறது.

கடனைப் பற்றிச் சில வார்த்தைகள். சோலார் அமைப்பு இயந்திரச் சொத்தாகக் கணக்கில் ஏறும், வரிக் கணக்கில் மூலதனக் கழிவு கிடைக்கும். இது தவிரப் பசுமை முதலீட்டு வரிச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம். தற்போதைய சுற்று 2026 டிசம்பர் 31 வரை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே உங்கள் வரி முகவரிடம் பேசிவிடுங்கள், பிறகு பேசினால் சில வாய்ப்புகள் கைநழுவிப் போகும். நிறுவனம் இலாபமே காட்டாத ஆண்டில் வரிச் சலுகையை நம்பித் தவணைக் கணக்குப் போடக்கூடாது.

‘ஒரு காசும் முதல் போட வேண்டாம், தகடு எங்களுடையது, மின்சாரத்தை மட்டும் மலிவாக வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றும் வருவார்கள். அதில் நல்ல ஒப்பந்தங்களும் உண்டு. ஆனால் 20 ஆண்டு ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடிப் படிப்பது மூன்று இடங்களை. ஆண்டுதோறும் விலை ஏறுகிறதா? நீங்கள் பயன்படுத்தாத மின்சாரத்துக்கும் பணம் கட்ட வேண்டுமா? கட்டடத்தை விற்றாலோ கூரையை மாற்றினாலோ யார் செலவு? தொழில் நொடித்து ஆலை அரை நாள் மட்டுமே ஓடும் நிலை வந்தாலும் குறைந்தபட்சக் கட்டணம் என்று பில் வந்துகொண்டிருந்தால் அது மலிவு மின்சாரமா? பெருந்தொற்றுக் காலத்தில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஆலைகளெல்லாம் மூடிக்கிடந்தது யாருக்கும் மறந்திருக்காது.

நெகிழிப் பட்டறை, சிம்பாங் அம்பாட்

எங்கள் நிலைமை வேறு, இதைப் படிக்கும் பெரிய ஆலைக்காரர்கள் கவனிக்க வேண்டும். நாங்கள் நடுத்தர அழுத்த வாடிக்கையாளர். எங்களுக்குக் கொள்ளளவும் வலையமைப்பும் யூனிட் கணக்கில் வருவதில்லை, மாதத்தின் உச்சத் தேவைக்கு ஒரு கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று வருகிறது. 2025 ஜூலைக்கு முன் இ1 என்ற தொழிற்சாலைப் பிரிவில் அது கிலோவாட்டுக்கு 29.60 ரிங்கிட். புதிய அட்டவணையில் வெகுவாக ஏறி, யூனிட் விலை இறங்கிவிட்டது. தகடு மிச்சப்படுத்துவது யூனிட்டை. ஆகவே சோலாரின் ஆதாயம் எங்களுக்குச் சுருங்கிவிட்டது.

உச்சத் தேவை என்பது மாதம் முழுவதிலும் மிக அதிகமாக இழுத்த ஒரே ஓர் அரை மணி நேரம். 29 நாள் வெயில் அடித்துத் தகடு உழைத்தாலும், ஒரு நாள் பிற்பகல் நான்கு மணிக்கு மேகம் கவிந்து மழை கொட்டும்போது எல்லா இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தால் போதும், பழைய உச்சமே பில்லில் வந்து உட்கார்ந்துவிடும். பினாங்கில் அப்படி ஒரு பிற்பகல் இல்லாத மாதம் ஏது?

நேரவாரிக் கட்டணத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. முன்பு உச்ச நேரம் காலை 8 முதல் இரவு 10 வரை, சோலாருக்கு அது பொருத்தமாக இருந்தது. இப்போது வார நாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை. காலையெல்லாம் தகடு தருவது மலிவு நேர யூனிட்டைத்தான் மிச்சப்படுத்தும்.

எங்களுக்குக் கைகொடுத்தது தகடு இல்லை, ஒழுங்கு. திங்கள் காலை எல்லாக் காய்ச்சும் உருளைகளையும் ஒரே நேரத்தில் போடும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் போடச் சொன்னோம். ஆலை ஓய்ந்த பிறகு காற்றழுத்தக் குழாய்களின் ஓரமாக நடந்து போனால் ‘உஸ்’ என்ற சத்தம் கேட்கும். கேட்ட இடத்திலெல்லாம் சோப்பு நீர் தடவி, நுரை கிளம்பும் மூட்டுகளை மாற்றினோம். கசிவு நின்ற பிறகு கம்பிரசர் அழுத்தத்தையும் குறைக்க முடிந்தது. ஒரு பார் குறைத்தாலே ஏறக்குறைய 7 விழுக்காடு மின்சாரம் மிச்சம்.

இலைச் சாப்பாடு, பிரிக்பீல்ட்ஸ்

உங்களுக்கெல்லாம் கூரை இருக்கிறது. நாங்கள் கோலாலம்பூரில் கடைவரிசையின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மேல்தளத்தில் அலுவலகம், அதற்கு மேல் கூரை, அது வீட்டுக்காரருடையது. சோலார் என்ற பேச்சை எடுத்தாலே வாடகையை ஏற்றுகிறேன் என்கிறார். எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வழி? குளிர்சாதனம், உறைபெட்டிகள், புகைபோக்கி விசிறி, மாவரைக்கும் கிரைண்டர் என்று எல்லாம் ஓடுகின்றன. மதியக் கூட்டத்தில் எத்தனை டிகிரிக்குக் குறைத்தாலும் கூடம் குளிர்வதே இல்லை.

பட்டர்வொர்த் மின்வினைஞர்

அண்ணன், கூடம் குளிராததற்குக் காரணம் பெரும்பாலும் சமையலறையில் இருக்கிறது. மதிய வேளையில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள கதவருகில் ஒரு மெல்லிய காகிதத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அது சமையலறைப் பக்கம் பறந்தால், காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றைப் புகைபோக்கி உறிஞ்சிக் கூரை வழியாக வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். கூடத்தில் அதன் இடத்துக்கு வாசல் வழியாகத் தெருவின் வெப்பக் காற்று நுழைகிறது. அடுப்புப் பக்கமே வெளிக்காற்று வர வழி செய்துவிட்டால் குளிர்சாதனத்தின் பாரம் பாதி குறையும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வித்தியாசத்தை வாடிக்கையாளர்களே உணர்வார்கள்.

அடுத்தது, புகைபோக்கி விசிறி எந்நேரமும் முழு வேகத்தில் ஓட வேண்டியதில்லை. காலை பத்து மணிக்கு ஓர் அடுப்பு மட்டும் எரியும்போது வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரம் பாதியாகிவிடும். விசிறிக்கு உள்ள குணம் அது: வேகம் கொஞ்சம் குறைந்தாலும் மின்சாரம் அந்த வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இப்போது அப்படி ஒன்றும் விலையில்லை.

உறைபெட்டிகளை அடுப்பின் ஓரத்திலிருந்து நகர்த்துங்கள். பின்புறக் கம்பிச் சுருளில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் துடைக்கச் சொல்லுங்கள். புதிதாக வாங்கும்போது ஆற்றல் ஆணையத்தின் நட்சத்திர முத்திரையைப் பாருங்கள், ஐந்து நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விலை உணவகத்தில் சீக்கிரமே திரும்பி வந்துவிடும்.

ஜார்ஜ்டவுன் துணிக்கடை

லிட்டில் இந்தியாவில் எங்களுக்குக் கூரை இருந்தும் எளிதில்லை. 2008இல் யுனெஸ்கோ அறிவித்த பாரம்பரிய வட்டாரம் என்பதால், ஓட்டுக் கூரையில் எதை மாற்றுவதென்றாலும் மாநகராட்சியின் ஒப்புதல் வேண்டும். நாங்கள் விளக்குகளோடு நிறுத்திக்கொண்டோம். சேலை நிறம் சரியாகத் தெரிய வேண்டுமென்று அதிக வெப்பம் கக்கும் பழைய குவிவிளக்குகளை வைத்திருந்தோம். நிறத்தைக் கெடுக்காத எல்இடிக்கு மாற்றிய பிறகு விளக்குக்கான மின்சாரமும் குறைந்தது, குளிர்சாதனமும் அடிக்கடி ஓடுவதில்லை.

மசாலா ஆலை, பிறை

எல்லாருக்கும் நன்றி. அண்ணன் சொன்னபடி முதலில் ஆலையைப் பார்த்தேன். மாலை ஆலையை மூடும்போதும் மறுநாள் காலை திறக்கும்போதும் மீட்டரைப் படம் எடுத்தேன். குளிர்கிடங்கு மட்டும் ஓட வேண்டிய இரவில், நாம் நினைத்த 5 கிலோவாட்டையும் தாண்டி ஓடுகிறது.

குளிர்கிடங்குக்குள் நின்று, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துப் பார்த்தோம். கீழ் மூலையில் வெளிச்சம் கோடு போட்டதுபோல் உள்ளே வருகிறது. அந்த இடத்து ரப்பர் கிழிந்து, தரையோரமெல்லாம் பனி கட்டியிருக்கிறது. வெளியே கண்டென்சரைப் பார்த்தால் அலுமினிய இதழ்களுக்கு நடுவே மிளகாய்த் தூளும் மஞ்சள் தூளும் அப்பிக்கொண்டு காற்றே புகவில்லை. மிளகாய் வறுக்கும் அறையின் சூடான காற்றும் நேரே அதன் மேல்தான் அடிக்கிறது. சுத்தம் செய்து, ரப்பரை மாற்றி, வாசலில் நெகிழித் திரை தொங்கவிட ஆள் சொல்லியிருக்கிறேன்.

கெப்பாசிட்டர் பெட்டியில் அண்ணன் சொன்னதுதான்: இரண்டு உருளைகள் உப்பியிருக்கின்றன.

இப்போது என் கேள்வி: இதெல்லாம் சரியானால் யூனிட்டே குறைந்துவிடும். அப்போது 40 கிலோவாட் போதுமா? சோலார்காரர் விடவில்லை, மின்கலமும் சேர்த்துப் போட்டால் மிஞ்சுவதை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

பட்டர்வொர்த் மின்வினைஞர்

மிகவும் நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி. கிடங்கு சரியாகி முழுதாக ஒரு பில் வரட்டும், அதை வைத்துத்தான் அளவு முடிவு செய்ய வேண்டும். 40 கூட அதிகமாகலாம். மின்கலம் வேண்டாம் என்பது என் கருத்து. பகலில் மிஞ்சாத அளவுக்குத் தகடு போட்டால் சேமித்து வைக்க என்ன இருக்கிறது? உங்கள் குளிர்கிடங்கே ஒரு மின்கலம்தான். வெயில் நேரத்தில் ஓரிரு டிகிரி கூடுதலாகக் குளிரவைத்து, மாலையில் கம்பிரசரை ஓய விடலாம். சரக்கின் தரம் கெடாத எல்லை எது என்பதை அப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மதிய உணவு வேளை. உங்கள் ஆலையில் பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை எல்லா அரவையும் நிற்கும் என்று நினைக்கிறேன். நம் கடிகாரம் கிழக்கே 120 டிகிரிக்கு உரிய நேரத்தைக் காட்டுகிறது. பினாங்கு இருப்பது 100 டிகிரியில். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கில்லை, ஒன்றேகால் மணியை ஒட்டி. தகடு மிக அதிகமாகத் தரும் நேரத்தில் ஆலையே உறங்குகிறது. தொழிலாளர்களின் ஓய்வில் ஒரு நிமிடம்கூடக் கைவைக்காமல், இரண்டு குழுவாகப் பிரித்து முன்னும் பின்னுமாகச் சாப்பிட அனுப்ப முடியுமா என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.

கணக்கர், கோலாலம்பூர்

விலைமதிப்பு கேட்கும்போது ‘மாதம் இவ்வளவு யூனிட்’ என்று மட்டும் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். மணிவாரியாக, உள்ளே செலவாவது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். குறைந்தது மூன்று நிறுவனங்களிடம், அதுவும் சேடா என்ற நிலைபெறு ஆற்றல் ஆணையத்தில் பதிவு பெற்றவர்களா என்று பார்த்துக் கேளுங்கள். தகட்டுக்கு 25 ஆண்டு என்றாலும் இன்வெர்ட்டருக்கு உத்தரவாதம் பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டுதான். நடுவில் ஒருமுறை மாற்றும் செலவைக் கணக்கில் சேர்க்காத தாளில் ஆதாயம் எப்போதும் அழகாகத் தெரியும். தீக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

நெகிழிப் பட்டறை, சிம்பாங் அம்பாட்

கூரையையும் பாருங்கள். ஒரு தகடு 30 கிலோவை நெருங்கும். பழைய கட்டடமானால் தகரத்துக்குக் கீழே உள்ள இரும்புச் சட்டங்கள் துருப்பிடித்திருக்கலாம். பொறியாளர் ஒருவர் மேலே ஏறிப் பார்த்து எழுத்தில் தரட்டும். தகரத்தை மாற்ற வேண்டியிருந்தால் தகடு ஏறும் முன்னே மாற்றிவிடுங்கள். உங்களுக்கு மசாலாத் தூள் வேறு. அரவை அறையின் காற்றுப்போக்கி கூரை மேல் திறக்கிறதென்றால் தூள் தகட்டில் படிந்து, மழைக்குக் குழம்பாகி ஒட்டிக்கொள்ளும். திசையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் தூள் பிடிக்கும் பை மாட்டுங்கள். இடி அதிகம் விழும் ஊர் இது, மின்னல் தடுப்புச் சாதனம் விலைமதிப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மசாலா ஆலை, பிறை

காற்றுப்போக்கி கூரை மேல்தான் திறக்கிறது அண்ணா. தகட்டுக்காரர் மேலே ஏறி அளந்தபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். தண்டம் என்ற இடம் வந்ததும் பழைய பில்களையெல்லாம் எடுத்து வரச் சொல்லிவிட்டார். 256,000 ரிங்கிட் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப்போவதில்லை என்று சொல்லியாயிற்று. கெப்பாசிட்டர், கிடங்குக் கதவு, கண்டென்சர் மூன்றும் இந்த மாதமே முடியும். உணவு வேளையைப் பற்றித் தொழிலாளர்களிடம் வெள்ளிக்கிழமை பேசுகிறேன். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகிறவர்களும் இருப்பதால் அன்றைக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டியிருக்கும்.

அடுத்த பில் வந்ததும் இங்கேயே போடுகிறேன். அண்ணன் பட்டர்வொர்த்தில்தானே இருக்கிறீர்கள், கெப்பாசிட்டர் வேலைக்கு நீங்களே வர முடியுமா? கட்டணம் எவ்வளவு என்று தனிச் செய்தியில் தெரிவியுங்கள்.

பட்டர்வொர்த் மின்வினைஞர்

வருகிறேன் தம்பி. ஒரு மணி நேரம் ஆலையை முழுவதும் நிறுத்த வேண்டியிருக்கும், சனிக்கிழமை பிற்பகல் வசதிப்படும். அதற்குள் ஒவ்வொரு மோட்டாரின் பெயர்த்தகட்டையும் படம் எடுத்து அனுப்புங்கள், எத்தனை அளவு கெப்பாசிட்டர் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வாங்கிக்கொண்டு வருகிறேன்.